1417-க்கு அடுத்த வாசகி

நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் பிரியும் வளைவில் ஓர் எடைமேடை இருக்கிறது. சரக்கு லாரிகள் ஏறி நிற்க நீளமான இரும்புத் தளம், பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு கண்ணாடி அறை. இருபத்தாறு வருடங்களாக அந்த அறையில் உட்கார்ந்து எடை போட்டவளை ஓட்டுநர்கள் எல்லோரும் 'எடை அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டி ஏறும். சிவப்பு எண்கள் கொஞ்சம் ஆடி நிற்கும். பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். சீட்டைக் கிழித்துச் சிறு ஜன்னல் வழியாக நீட்டிவிட்டால் அவள் வேலை முடிந்தது. அடுத்த வண்டி வரும்வரை மடியில் இருக்கும் புத்தகம்.

ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் நாலு பக்கம் என்பது அவள் கணக்கு. அறுவடைக் காலத்தில் அது ஒரு பக்கமாகச் சுருங்கிவிடும். வழக்கமாக வரும் மணல் லாரிக்காரர் ஒருவர், அவள் தலை நிமிரத் தாமதமானால் ஹாரன் அடிக்க மாட்டார். "கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சதும் சொல்லுங்க, வண்டியை இறக்கிடறேன்" என்பார்.

அடுத்து எதைப் படிப்பது என்பதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. அட்டையைப் பார்க்க மாட்டாள், முன்னுரையைத் தொட மாட்டாள். நூலகத்தில் நின்றபடி புத்தகத்தை நடுவில் பிரித்து ஒரே ஒரு பக்கம் படிப்பாள். இதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் போல இருந்தால் எடுத்துக்கொள்வாள். இல்லையென்றால் திரும்ப அடுக்கில் வைத்துவிடுவாள். இந்த வழி அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து கண்டுபிடித்தது. அவளுக்குப் பதினாறு, அவனுக்குப் பத்தொன்பது இருக்கும்போது ஒரே நாளில் நூலகத்தில் உறுப்பினர் ஆனார்கள். வரிசையில் அவன் முன்னால் நின்றதால் அவனுக்கு 1417, அவளுக்கு 1418. அவன் படித்து முடித்ததை அவள் படிப்பாள், அவள் முடித்ததை அவன் வாங்கிக்கொள்வான். சாப்பிடும்போது இரண்டு பேரும் கதையில் வருகிறவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி திட்டுவார்கள். வேலைக்குப் போன பிறகு இருவரும் சேர்ந்து புத்தகங்கள் வாங்கவும் தொடங்கினார்கள். இருநூறுக்கு மேல் சேர்ந்தது. அவளுக்குக் கல்யாணமானபோது, மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று புத்தகப் பெட்டி அண்ணன் வீட்டிலேயே இருந்தது.

அண்ணனுக்கும் கல்யாணமானது. அண்ணி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டு வேலையெல்லாம் கச்சிதம், பேச்சு மட்டும் அளந்துதான் வரும். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் புத்தகப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. எத்தனை நாள் ஊறியது என்று யாருக்கும் தெரியாது. திறந்து பார்த்த அண்ணி, நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் பழைய பேப்பர் வண்டியில் போட்டுவிட்டாள். அண்ணன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான்.

செய்தி தெரிந்து எடை அக்கா வந்தபோது வீட்டில் உறவுக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் சொன்னாள்: "எழுத்து தெரியாதவங்க கையில புத்தகம் சிக்கினா வேற என்ன நடக்கும்?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் திரும்பியிருந்த அண்ணன் எழுந்தான். "இந்த வாயோட என் வீட்டுப் படி ஏறாதே."

அவள் ஏறவில்லை. வருத்தம் தெரிவித்துவிடலாம் என்று முதல் வருடம் நினைத்தாள். இரண்டாம் வருடம், அவனே வரட்டும் என்று நினைத்தாள். அதற்குள் அண்ணன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். "அவங்க பேச்சை என்கிட்ட எடுக்காதீங்க" என்று உறவுக்காரர்களிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தாள். சொன்ன சொல்லை அவர்கள் நன்றாகவே காப்பாற்றினார்கள். பன்னிரண்டு வருடங்கள் போயின.

ஒரு சனிக்கிழமை மதியம், நூலகத்தில் கடல்பயண நூல் ஒன்றை எடுத்து வந்தாள். மறுநாள் எடைமேடையில் அதைப் புரட்டியபோது பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் கண் போனது. திருப்பித் தர வேண்டிய தேதி ஒரு பக்கம், எடுத்தவரின் உறுப்பினர் எண் ஒரு பக்கம். கடைசி வரிக்கு மேல் வரியில் நீல மையில் 1417 என்று இருந்தது. அதன் கீழே அவளுடைய 1418.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. இரண்டாம் முறை அடித்த பிறகுதான் அவள் காதில் விழுந்தது.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர். புத்தகம் என்றால் கொட்டாவி விடுவார், ஆனால் ஆளைப் படிக்கத் தெரிந்தவர்.

"ஊருக்கு வந்துட்டாரு போல. போய்ப் பாரேன்."

"அவன் வந்து பார்க்கட்டும்."

"சரி. அப்ப ரெண்டு பேரும் புத்தகத்துலயே பார்த்துக்குங்க" என்று துணி மாற்றப் போய்விட்டார்.

கேலியாகச் சொன்னதை அவள் அப்படியே செய்தாள். நடுப்பக்கம் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டாள். நூலகத்துக்குப் போனதும், திரும்பி வந்த புத்தகங்கள் குவிந்திருக்கும் மேசைக்குப் போவாள். ஒவ்வொன்றின் பின்னட்டையையும் திறப்பாள். 1417 இருந்தால் எடுத்துக்கொள்வாள். தேனீ வளர்ப்பு பற்றி ஒன்று. கோள்களைப் பற்றி ஒன்று. பிறகு பெரிய எழுத்தில் அச்சான சிறுவர் கதைகள் வரிசையாக நாலைந்து. அண்ணனுக்குப் பேரன் பேத்தி வந்துவிட்டார்கள், உட்கார வைத்துப் படித்துக் காட்டுகிறான் என்று எண்ணிக்கொண்டாள். முயலும் ஆமையும் பேசிக்கொள்ளும் கதையை ஐம்பத்திரண்டு வயதில் எடைமேடையில் உட்கார்ந்து வரி விடாமல் படித்தாள். மணல் லாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு உறுத்தியது. சில சொற்களுக்கு அடியில் பென்சிலால் சின்னப் புள்ளிகள் இருந்தன. நீளமான சொற்கள், கூட்டெழுத்து வரும் சொற்கள். அண்ணன் புத்தகத்தில் எழுதுகிறவன் இல்லை. பக்கத்தின் முனையை மடித்ததற்கே ஒருமுறை அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன். வயதானால் மனிதர்கள் இப்படியா மாறுவார்கள் என்று கோபம் வந்தது. ஒரு ரப்பர் வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி வராத நேரத்தில் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை, மேசையில் கிடந்த மெல்லிய புத்தகம் ஒன்றில் 1417 இருந்தது. அட்டையைப் பார்க்காத பழக்கத்தால் வீட்டுக்கு வந்துதான் தலைப்பைப் படித்தாள். பக்கவாதம் வந்தவரை வீட்டில் பராமரிப்பது எப்படி என்ற கையேடு. படுக்கையில் புரட்டிப் படுக்க வைக்கும் முறை, உணவு ஊட்டும் முறை, பேச்சு திரும்பாதவர்களோடு எப்படிப் பழகுவது. இந்தப் புத்தகத்திலும் புள்ளிகள் இருந்தன. அவள் ரப்பரை எடுக்கவில்லை.

அதன் பிறகு ஐந்து வாரம் 1417 எங்கும் தென்படவில்லை. அண்ணியை நினைத்தாள். படுத்திருப்பது அவளாகத்தான் இருக்க வேண்டும், பார்த்துக்கொள்கிறவன் அண்ணன், அதனால்தான் நூலகம் வர முடியவில்லை. எண்களை வைத்து அவள் கட்டிய கதை அது. ஆறாவது வாரம் நூலகரிடம் கேட்டேவிட்டாள். எதையும் முத்திரை குத்தாமல் விடமாட்டார் என்பதால் அவருக்குப் பெயரே 'முத்திரை'.

"1417 எப்ப வருவாரு?"

முத்திரை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உறுப்பினர் விவரம் சொல்லக் கூடாதும்மா." கொஞ்ச நேரம் முத்திரை குத்திக்கொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல், "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இங்க கூட்டமே இருக்காது. நீங்களும் அன்னிக்கு வந்தா நிதானமா புத்தகம் பார்க்கலாம்" என்றார்.

அடுத்த செவ்வாய் விடுப்பு போட்டாள். பத்து மணிக்கு அடுக்குகளுக்குப் பின்னால் நின்றாள். பத்தேகாலுக்கு ஒருத்தி வந்தாள். நரைத்த முடி, தோளில் துணிப்பை, நனைந்த குடை. குடையை வாசலிலேயே உதறி மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்து, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். முந்தானையால் அட்டையைத் துடைத்துவிட்டு வைத்தாள். பிறகு அடுக்குக்குப் போய் ஒன்றை எடுத்து, வாய் அசைய முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்தாள்.

அண்ணி.

எடை அக்காவுக்குக் கால் ஓடத்தான் பார்த்தது. ஆனால் அண்ணி நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டாள். திடுக்கிடவில்லை.

"வந்துட்டீங்களா" என்றாள்.

நூலகப் படிக்கட்டில், தூறல் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். அண்ணிதான் பேசினாள். மூன்று வருடத்துக்கு முன்னால், மாற்றலாகிப் போன ஊரில், அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது; அதன் பிறகுதான் இங்கே திரும்பினார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அதைவிட, எழுத்தும் போய்விட்டது. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஓர் எழுத்தும் பிடிபடாது. முதல் தடவை அது புரிந்த அன்று அவர் அழுத அழுகையை அண்ணி சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டாள்.

"நான் படிச்சுக் காட்டலாம்னு பார்த்தேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். முதல்ல அவரு அட்டையில அவருக்குப் பிடிச்சதா ரெண்டு மூணு எடுத்துப் பார்த்தேன், முடியல. அதான் சின்னப் பிள்ளைங்க புத்தகத்துக்கு வந்தேன், பழகினப்புறம்தான் அந்தப் பக்கவாதக் கையேடு. முன்னாடியே ஒரு தடவை பார்த்து வெச்சுக்குவேன். நாக்கு தடுக்கற வார்த்தைக்கெல்லாம் புள்ளி வெச்சுடுவேன். முடிச்சதும் அழிச்சுடுவேன். சிலது விட்டுப் போயிருக்கும்."

எடை அக்கா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அழிச்சிருந்தீங்க" என்றாள் அண்ணி. "அவருக்கு ஒரே கதையை ரெண்டு மூணு தடவை கேக்கணும். அதனால எடுத்த புத்தகத்தையே திரும்ப எடுப்பேன். ஒவ்வொண்ணுலயும் எனக்குக் கீழே 1418 இருக்கும். உங்க நம்பர் எனக்கு மனப்பாடம். நல்லா இருந்தப்ப அவரு சொல்லிச் சொல்லி..."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"நான் என்னன்னு வந்து பேசறது?" அண்ணியின் குரலில் குத்தல் இல்லை. "அவர்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா தினமும் வாசலையே பார்த்துட்டு இருப்பாரு. நீங்க வரலைன்னா என்னால பதில் சொல்ல முடியாது." பிறகு சொன்னாள்: "சாவு வர்ற கதையை மட்டும் எடுக்கறதை நிறுத்திட்டேன். தனியா உக்காந்து படிக்கிறவங்களுக்கு எதுக்கு அதுன்னு."

"அன்னிக்கு நான் பேசினது..." என்று எடை அக்கா ஆரம்பித்தாள்.

"உண்மைதானே பேசினீங்க. எனக்குத் தெரியாதுதான். அந்தப் பெட்டியில இருந்தது என்னன்னு இப்பதான் தெரியுது. அவரும் அன்னிக்கப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டுத் திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும்."

மழை விட்டதும் இருவரும் நடந்தார்கள். இந்த ஐந்து வாரமும் அவருக்கு உடம்பு முடியவில்லை, விட்டு வர முடியவில்லை என்று வழியில் அண்ணி சொன்னாள். மாடி வீடு. இரண்டாம் தளம். எடை அக்கா வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே ஜன்னலோரம் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். மடியில் துண்டு. முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்து இறங்கியிருந்தது. முடி முழுக்க வெளுத்திருந்தது. அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இடது கையை நாற்காலியில் ஊன்றி எழப் பார்த்து, முடியாமல், உரத்த குரலில் சொன்னான்.

"போ."

அவள் அப்படியே நின்றாள். "போ, போ" என்றான் மறுபடியும். முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. அவள் திரும்பி வாசலுக்கு வந்துவிட்டாள். ஒரு காலில் செருப்பும் மாட்டிவிட்டாள். அண்ணி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, உங்ககிட்ட சொல்லாம கூட்டிட்டு வந்துட்டேனே. அவருக்கு வாயில வர்றது ரெண்டே வார்த்தைதான். 'சரி', 'போ'. தண்ணி வேணும்னாலும் 'போ'. வான்னு நினைச்சாலும் 'போ'ன்னுதான் வரும். கையைப் பாருங்க, கையை."

அவள் திரும்பிப் பார்த்தாள். இடது கை அவளை நோக்கி நீண்டிருந்தது. விரல்கள் உள்நோக்கி மடங்கி மடங்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அங்கே போனாள். முதல் சனிக்கிழமை, தானே படித்துக் காட்டுகிறேன் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். தடங்கலில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு, வானொலியில் வாசிப்பது போலப் படித்தாள். இரண்டு பக்கம் போவதற்குள் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "போ" என்றான். விரல் அண்ணியைக் காட்டியது. எடை அக்காவுக்குச் சுருக்கென்றது. புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். அண்ணி ஒவ்வொரு சொல்லாக, மாடிப்படி ஏறுகிற மாதிரி நின்று நின்று படித்தாள். ஓரிடத்தில் சொல்லைத் தப்பாக உடைத்தாள். அண்ணன் உடம்பு குலுங்கச் சிரித்தான். அண்ணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தனக்கு இடமில்லை என்று எடை அக்காவுக்குப் புரிந்தது. வலித்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

அவளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. அடுத்த புத்தகம் எது என்று தேர்ந்தெடுக்கும் வேலை. நூலகத்திலிருந்து இரண்டு மூன்று கொண்டு போவாள். ஒவ்வொன்றையும் நடுவில் பிரித்து ஒரு பக்கம் படிப்பாள். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அண்ணன் அவள் குரலைப் பொறுத்துக்கொண்டான். பிடித்தால் "சரி" என்பான். பிடிக்காவிட்டாலும் சில சமயம் "சரி" என்றுதான் வரும், அப்போது புருவத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பறியும் கதைகளை ஒரு காலத்தில் விழுங்கியவன், இப்போது அவற்றுக்குப் புருவத்தைச் சுருக்கினான். செடிகள், பறவைகள், தூர தேசப் பயணங்கள், இவைதான் வேண்டும். ஆள் எழுந்து நடமாட முடியாமல் போனபின், வளர்வதையும் பறப்பதையும் நகர்வதையும் பற்றிக் கேட்கப் பிடித்ததோ என்னவோ.

அண்ணி பொறுக்காமல் ஒருமுறை தன் கருத்தையும் சொன்னாள். எடை அக்கா மிகவும் ரசித்து எடுத்து வந்த ஒரு நாவலை முடித்துவிட்டு, மூடி வைத்தாள். "இதுல ஆளாளுக்கு மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு இருக்காங்க. வாயைத் திறந்து பேசியிருந்தா பத்துப் பக்கத்துல முடிஞ்சிருக்கும்." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எடை அக்கா தரையைப் பார்த்தபடி, "ஆமா, அநியாயத்துக்கு நீட்டிட்டாங்க" என்றாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு காலை, இரண்டாவது பக்கவாதம் வந்தது. மருத்துவமனையில் மூன்று நாள் இருந்து அண்ணன் இறந்துபோனான். வலசை போகும் பறவைகளைப் பற்றிய புத்தகம் பாதியில் நின்றது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அண்ணி அந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்தாள். "நாளைக்குத் தவணை. கொடுத்துடவா?"

"உங்களுக்கு எப்படித் தோணுது?"

அண்ணி ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து படிக்கத் தொடங்கினாள். எடை அக்கா சுவரில் சாய்ந்து கேட்டாள். தவணையை நீட்டித்து, அந்த வாரம் முழுவதும் வேலை முடிந்து நேராக அங்கே வந்தாள். ஐந்து நாளில் முடிந்தது. எந்தச் சொல்லிலும் அண்ணி தடுமாறவில்லை. சிரிக்க யாரும் இல்லாததால் அதை அவளே கவனித்தாளா என்று தெரியவில்லை.

நூலகத்தில் முத்திரை, 1417-ஆம் எண் அட்டையை வாங்கி முறைப்படி ரத்து செய்தார். அதில் மட்டும் முத்திரையை மெதுவாக வைத்து எடுத்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். அண்ணி தன் கையால் அதை நிரப்பினாள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் அவள் எழுதியது அவளுடைய சொந்தப் பெயர்தான். ஐந்து இலக்கத்தில் புது எண் கிடைத்தது.

"என்ன எடுக்கறது?" என்று அண்ணி கேட்டாள். அதுவரை எடுத்தது எல்லாம் அவருக்காக. தனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை.

எடை அக்காவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. பத்துத் தலைப்புகள் நாக்கு நுனியில் நின்றன. "நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு வேறு அடுக்குக்கு நகர்ந்துகொண்டாள். முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணி கடைசியில் கொண்டு வந்தது பாலங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று விளக்கும் தடித்த புத்தகம், பொடி எழுத்து.

"இதுவா?"

"தெரியல. எடுக்கணும்னு தோணுச்சு."

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை எடை அக்கா அந்த மாடி ஏறினாள். இரண்டாம் தளத்துக்கு வரும்போதே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று தயங்கினாள். நெருங்கியபோது தெரிந்தது, அண்ணி படித்துக்கொண்டிருந்தாள். ஆற்றுக்கு நடுவில் தூண் நிறுத்த முதலில் தண்ணீரை எப்படி ஒதுக்குவார்கள் என்று, யாருமில்லாத வீட்டுக்குள், நிறுத்தி நிதானமாக, உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

எடை அக்கா கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டாள். படியில் உட்கார்ந்தாள். அந்த அத்தியாயம் முடியும்வரை அங்கேயே இருந்தாள்.